கடலின் மேல் பழி போடும் சர்க்கார்கள்

2023-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி, நள்ளிரவு கழிந்த நேரம். கிரீஸ் தேசத்தின் பைலோஸ் நகருக்கு நேரே, கரையிலிருந்து வெகு தூரத்தில், ஒரு பழைய மீன்பிடிப் படகு கவிழ்ந்து மூழ்கியது. லிபியாவிலிருந்து இத்தாலியை நோக்கிப் புறப்பட்ட படகு அது. மீன் ஏற்றுவதற்காகக் கட்டிய அந்தப் படகில் சுமார் 750 மனிதர்களை அடைத்திருந்தார்கள். பாகிஸ்தானிகள், எகிப்தியர்கள், சிரியாக்காரர்கள். பிழைப்பு இழந்தவர்கள், யுத்தத்தில் வீடு இழந்தவர்கள். உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 104 பேர். அவர்களில் ஒரு பெண்கூட இல்லை. பெண்களும் குழந்தைகளும் படகின் அடித்தட்டில் இருந்ததாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். 82 பிணங்கள் கிடைத்தன. மற்றவர்கள் கடலோடு போனார்கள்.

யார் கண்ணிலும் படாமல் மூழ்கிய படகா இது? முந்திய நாள் பகலிலேயே ஐரோப்பிய எல்லைக் காவல் ஸ்தாபனமான பிரான்டெக்ஸின் விமானம் அதை மேலிருந்து பார்த்துவிட்டது. கிரீஸ் கடலோரக் காவல் படைக்குத் தெரியும். அவ்வழியே போன வியாபாரக் கப்பல்கள் அருகில் வந்து தண்ணீர் கொடுத்திருக்கின்றன. பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக, ஒரு கண்டத்தின் சர்க்கார்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் படகு மிதந்துகொண்டிருந்தது. காவல் படையினர் கயிறு கட்டி இழுத்ததால்தான் படகு கவிழ்ந்தது என்று தப்பியவர்கள் பலர் சாட்சி சொன்னார்கள். காவல் படை மறுத்தது. அவர்களே உதவி வேண்டாம், இத்தாலிக்குத்தான் போவோம் என்றார்கள் என்று சர்க்கார் சமாதானம் சொல்லிற்று. மூழ்கப் போகிற படகில் 750 பேர் இருக்கும்போது, வேண்டாம் என்று யாரோ கத்தினார் என்பதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் கடற்படைத் தர்மமா?

பிறகு சட்டம் வேலை செய்தது. எப்படி? தப்பிக் கரையேறியவர்களிலேயே ஒன்பது எகிப்தியர்களைப் பிடித்து, இவர்கள்தான் ஆள் கடத்தினார்கள் என்று சிறையில் போட்டார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, 2024 மே மாதம், கலமாட்டா நகர நீதிமன்றம் இந்த வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று சொல்லி அவர்களை விடுவித்தது. காவல் படையினர் 17 பேர்மீது குற்றச்சாட்டு பதிவாக 2025 மே வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதே வாரத்தில் இன்னொரு சம்பவம். மூழ்கிப்போன டைட்டானிக் கப்பலை வேடிக்கை பார்க்க ஐந்து பேர் ஒரு சிறு நீர்மூழ்கியில் இறங்கிக் காணாமற்போனார்கள். தேச தேசமாக விமானங்களும் கப்பல்களும் பறந்தன. அந்த ஐவரைத் தேடியது தவறென்று நாம் சொல்லமாட்டோம். உயிர் உயிர்தான். தேட வேண்டும் என்று மனம் வைத்தால் ஆழ்கடலிலும் தேடுவார்கள் என்று தெரிந்துகொண்டோம், அவ்வளவே.

ஏஜண்டை உண்டாக்கியது யார்?

ஒவ்வொரு தடவையும் சர்க்கார்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "பேராசை பிடித்த ஏஜண்டுகள்தான் காரணம். அவர்களை ஒழிப்போம்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஏஜண்டு யோக்கியன் என்று நாமும் சொல்ல வரவில்லை. ஆயிரக்கணக்கான டாலரை வாங்கிக்கொண்டு உளுத்த படகில் ஏற்றி அனுப்புகிறவன் கொலைகாரன்தான். ஆனால் ஒரு சின்னக் கேள்வி. அந்தப் பணத்தில் விமான டிக்கெட் வாங்கிப் பத்திரமாகப் போய் இறங்கி, மிச்சமும் வைத்துக்கொள்ளலாமே! ஏன் போகவில்லை? இவர்களுக்கு என்ன, சாக ஆசையா?

விஷயத்தைப் பிரித்துப் பார்ப்போம். உயிருக்கு அஞ்சி ஓடிவருகிறவன் அந்நிய தேசத்தில் அடைக்கலம் கேட்கலாம் என்று 1951-ம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை இருக்கிறது. ஐரோப்பிய தேசங்கள் எல்லாம் அதில் கையெழுத்துப் போட்டவை. ஆனால் அந்த மண்ணில் கால் வைத்தால்தான் அடைக்கலம் கேட்க முடியும். கால் வைக்க விசா வேண்டும். அடைக்கலம் கேட்பதற்கென்று விசா கிடையாது. விசா இல்லாத ஆளை ஏற்றிக்கொண்டு வரும் விமானக் கம்பெனியும் கப்பல் கம்பெனியும் ஆளுக்கு ஆயிரக்கணக்கில் யூரோ அபராதம் கட்ட வேண்டும், தன் செலவில் திருப்பிக் கொண்டுபோயும் விட வேண்டும் என்று 2001-ம் ஆண்டில் ஐரோப்பா முழுமைக்கும் விதி செய்துவிட்டார்கள். கம்பெனி என்ன செய்யும்? விமான நிலையத்தில் டிக்கெட் பார்க்கும் குமாஸ்தாவையே போலீஸ்காரனாக்கிவிட்டது. விசா இல்லையா, ஏறாதே!

ஆக, உரிமை உண்டு என்று முன்வாசலில் போர்டு எழுதி மாட்டிவிட்டு, வாசற்கதவைப் பூட்டிச் சாவியைக் கடலில் எறிந்துவிட்டார்கள். அந்தச் சாவியைத் தேடித்தான் ஜனங்கள் கடலில் இறங்குகிறார்கள். ரேஷன் கடையைப் பூட்டினால் கள்ளமார்க்கெட்காரன் கொழுப்பான் என்பது நம் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தெரியும். பூட்டியவனே வந்து "ஐயோ, கள்ளமார்க்கெட் பெருகிவிட்டதே" என்று மாரடித்தால் நம்புவார்களா? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

"எல்லாரையும் ஏற்றுக்கொள்ள எங்களுக்குச் சக்தி இல்லை" என்கிறார்கள் அடுத்தபடியாக. இதற்கு நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பாவே பதில் சொல்லிவிட்டது. 2022-ம் ஆண்டு பிப்ரவரியில் உக்ரைனில் யுத்தம் மூண்டது. மார்ச் 4-ந் தேதிக்குள், அதாவது பத்தே நாளில், ஐரோப்பிய யூனியன் முடிவு செய்துவிட்டது: உக்ரைனிலிருந்து வருகிற குடும்பங்களுக்குத் தங்க அனுமதி, வேலை செய்ய அனுமதி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், வைத்தியம். பல தேசங்களில் ரயிலில் டிக்கெட்கூடக் கேட்கவில்லை. 40 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள். ஐரோப்பா இடிந்து விழவில்லை. இவர்களைச் சேர்க்க எந்த ஏஜண்டும் தேவைப்படவில்லை. இதற்காக ஐரோப்பாவை நாம் பாராட்டவே செய்கிறோம். ஆனால் சிரியாவில் விழுந்த குண்டும் சூடானில் விழுந்த குண்டும் மட்டும் பஞ்சுமூட்டையா? ஐம்பது, அறுபது லட்சம் ஜனத்தொகை கொண்ட சின்னஞ்சிறு லெபனான் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிரியாக்காரர்களைத் தாங்கிற்றே, கோடிக்கணக்கானவர்கள் வாழும் செல்வந்தக் கண்டத்துக்கு எப்படிச் சக்தி இல்லாமற்போயிற்று?

செத்தவனுக்குக் குடியுரிமை

இந்தக் கடலின் கணக்கு நீளமானது. 2014-ம் ஆண்டு தொடங்கி இதுவரை மத்தியதரைக் கடலில் மட்டும் 30,000-க்கும் அதிகமானவர்கள் செத்தோ காணாமலோ போயிருக்கிறார்கள். 2016-ல் ஒரே வருடத்தில் 5,000-க்கு மேல். யாரும் பார்க்காமல் மூழ்கியவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. எல்லாவற்றையும் சொல்ல இந்தத் தாள் போதாது. இரண்டொன்றைச் சொல்கிறோம்.

2011-ம் ஆண்டு மார்ச் மாதம். லிபியாவின்மீது நேட்டோ விமானங்கள் குண்டு மாரி பொழிந்துகொண்டிருந்தன. மக்களைக் காப்பாற்றவே குண்டு போடுகிறோம் என்றார்கள். அந்த மக்கள் சிலர், 72 ஆப்பிரிக்கர்கள், டிரிப்போலியிலிருந்து ஒரு ரப்பர் படகில் தப்பி ஓடினார்கள். எண்ணெய் தீர்ந்து படகு அலைந்தது. அபாயச் செய்தி போய்ச் சேர்ந்தது. ஒரு ஹெலிகாப்டர் வந்து பிஸ்கட்டும் தண்ணீரும் போட்டுவிட்டுப் போயிற்று, திரும்பி வரவேயில்லை. பெரியதோர் யுத்தக் கப்பல் மிக அருகில் வந்தது. செத்த குழந்தைகளைத் தூக்கிக் காட்டினோம் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். கப்பல் விலகிப் போய்விட்டது. உலகத்தின் அதிகப்படியான யுத்தக் கப்பல்கள் கூடியிருந்த அந்தக் கடலில் இரண்டு வாரம் மிதந்து, புறப்பட்ட கரைக்கே ஒதுங்கியது படகு. 63 பேர் மாண்டார்கள். ஐரோப்பியக் கவுன்சில் 2012-ல் விசாரித்து அறிக்கையும் வெளியிட்டது. தண்டிக்கப்பட்டவர் எவரும் இல்லை.

2013 அக்டோபர் 3. இத்தாலியின் லம்பெடூசா தீவுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு படகு தீப்பிடித்துக் கவிழ்ந்தது. 360-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் எரித்ரியா தேசத்தவர். தீவின் மீனவர்களும் படகுக்காரர்களும்தான் முதலில் ஓடிவந்து கைகொடுத்தார்கள். பிறகு மந்திரிகள் வந்தார்கள். சவப்பெட்டிகளின் முன்னால் தலை குனிந்தார்கள். இறந்தவர்கள் இன்று முதல் இத்தாலியக் குடிமக்கள் என்று பிரதம மந்திரி லெட்டா அறிவித்தார். கேட்டீர்களா தோழர்களே! அதே நேரத்தில், பிழைத்துக் கரையேறியவர்கள்மீது அனுமதியின்றி நாட்டுக்குள் நுழைந்த குற்றத்துக்காகப் போலீஸ் விசாரணை தொடங்கியது. செத்தவனுக்குக் குடியுரிமை, பிழைத்தவனுக்குக் கேஸ்! பிணம் கூலி கேட்காது, வீடு கேட்காது, சங்கம் வைக்காது என்பதால் போலும்.

ஆனாலும் ஜனங்களின் கோபத்துக்கு அஞ்சி இத்தாலி சர்க்கார் ஒரு நல்ல காரியம் செய்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மாதமே கடற்படையை இறக்கித் தேடி மீட்கும் வேலையைத் தொடங்கியது. ஒரே வருடத்தில் சுமார் ஒன்றரை லட்சம் பேர் மீட்கப்பட்டார்கள். மாதச் செலவு 90 லட்சம் யூரோ. மற்ற ஐரோப்பிய சர்க்கார்களைப் பங்கு கொடுக்கும்படி கேட்டது இத்தாலி. அவர்கள் கைவிரித்தார்கள். பிரிட்டிஷ் சர்க்கார் 2014 அக்டோபரில் ஒரு தத்துவமே சொல்லிற்று: காப்பாற்றினால் இன்னும் பலர் வரத் தூண்டுதலாகும், ஆகவே இந்த மீட்பு வேலையை ஆதரிக்கமாட்டோம். நாலு பேரை முழுக விட்டால் நாற்பது பேர் பயந்து நிற்பார்கள் என்பதுதான் இதன் அர்த்தம். அந்த மாதத்தோடு மீட்பு வேலை நின்றது. அதற்குப் பதிலாக மூன்றில் ஒரு பங்குச் செலவில், இத்தாலியக் கரையை ஒட்டி மட்டும் காவல் பார்க்கும் திட்டம் வந்தது.

பயந்து நின்றார்களா? 2015 ஏப்ரலில் ஒரே படகில் 800-க்கும் அதிகமானவர்கள் மூழ்கினார்கள். மீட்கப்பட்டவர்கள் 28 பேர். அந்த வருடம் முழுவதிலும் கடல்வழியே ஐரோப்பாவை அடைந்தவர்கள் பத்து லட்சத்துக்கு மேல்! வீட்டின்மேல் குண்டு விழும்போது, எதிர்க்கரையில் மீட்புக் கப்பல் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டா ஒருவன் கிளம்புவான்? ஆனால் தத்துவத்தைச் சொன்னவர்கள் தத்துவத்தை விடவில்லை. சர்க்கார் கைவிட்ட வேலையைச் செய்ய ஐரோப்பாவின் சாதாரண ஜனங்கள் காசு திரட்டிக் கப்பல் அனுப்பினார்கள். அவர்கள்மீது வழக்குப் போட்டார்கள். 2019 ஜூனில், மீட்டவர்களை லம்பெடூசாவில் இறக்கியதற்காகக் கரோலா ராக்கெட் என்ற ஜெர்மன் பெண் காப்டனைக் கைது செய்தார்கள். அவரை விடுவித்தது சரிதான் என்று இத்தாலியின் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் சொன்னது. 2023-ல் புதுச் சட்டம்: ஒரு தடவை மீட்டதும் நேரே குறிப்பிட்ட துறைமுகத்துக்குப் போய்விட வேண்டும். குறிப்பிடுவது பல தடவை நாலைந்து நாள் தூரத்திலிருக்கும் வடக்கத்தித் துறைமுகத்தை! அத்தனை நாளும் அந்தக் கடலில் மீட்க ஆளில்லை. அதே பிப்ரவரியில் கலாப்ரியாக் கரையருகே ஒரு மரப்படகு நொறுங்கி 90-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் ஆப்கானியர். கதியற்ற நிலை என்பதற்காகக் குழந்தைகளை ஆபத்தில் இழுத்து வரலாமா என்று உள்நாட்டு மந்திரி பியான்டெடோசி பெற்றோருக்கு உபதேசம் செய்தார். ஆப்கானிஸ்தானில் இருபது வருடம் பட்டாளம் வைத்திருந்த சர்க்கார்களில் இத்தாலி சர்க்காரும் ஒன்று என்பது மந்திரிக்கு அப்போது நினைவில்லை.

கூலிக்கு வைத்த காவல்

தன் கையில் ரத்தக் கறை தெரியக் கூடாது என்று நினைக்கிற ஆண்டை அடியாளை வைத்துக்கொள்வான். ஐரோப்பாவின் அடியாள் லிபியா.

2008-ல் இத்தாலியப் பிரதமர் பெர்லுஸ்கோனியும் லிபியாவின் கடாபியும் ஒப்பந்தம் செய்தார்கள். 20 வருடத்தில் 500 கோடி டாலர். பதிலுக்குப் படகுகளைத் தடுக்க ஒத்துழைப்பு. 2009-ல் இத்தாலியக் கப்பல்களே நடுக்கடலில் மக்களைப் பிடித்து லிபியாவில் கொண்டுபோய்த் தள்ளின. இது சட்டவிரோதம் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. உடனே திருந்திவிட்டார்களா? தீர்ப்பை ஏமாற்ற வழி கண்டுபிடித்தார்கள். இத்தாலியக் கப்பல் திருப்பி அனுப்பினால்தானே குற்றம்? லிபியாக்காரனே வந்து பிடித்துக்கொண்டு போனால்? 2017 பிப்ரவரியில் புது ஒப்பந்தம் போட்டு, லிபியக் கடலோரக் காவல் படைக்குப் படகும் பயிற்சியும் பணமும் கொடுத்தார்கள். அதன் பிறகு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் நடுக்கடலில் பிடிக்கப்பட்டு லிபியாவுக்கே திருப்பப்பட்டிருக்கிறார்கள்.

போய்ச் சேர்ந்த இடம் எப்படிப்பட்டது? அடி, பட்டினி, கற்பழிப்பு, வீட்டுக்கு டெலிபோன் செய்து பணம் கறத்தல். 2017 இறுதியில் மனிதர்களை ஏலம் போடும் காட்சியே படமாக வெளிவந்து உலகம் திடுக்கிட்டது. 2019 ஜூலையில் தஜோரா என்ற இடத்துக் காவல் கொட்டடியின்மேல் விமானக் குண்டு விழுந்து, அடைபட்டிருந்தவர்கள் ஐம்பதுக்கும் மேல் இறந்தார்கள். லிபியாவில் இவர்களுக்கு நடப்பது மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று ஐ.நா. விசாரணைக் குழு 2023-ல் எழுதி வைத்தது. ஏஜண்டுகளையும் கொடியவர்களையும் ஒழிக்கப் போகிறவர்கள் அல்லவா இத்தாலிய மந்திரிகள்? 2025 ஜனவரியில், கொலை, சித்திரவதைக் குற்றங்களுக்காகச் சர்வதேச கிரிமினல் நீதிமன்றம் பிடிவாரண்டு பிறப்பித்த ஒசாமா அல்மாஸ்ரி என்ற லிபியச் சிறை அதிகாரி டூரின் நகரத்தில் பிடிபட்டார். இரண்டே நாளில் விடுதலை. அதோடு, சர்க்கார் விமானத்திலேயே ஏற்றி டிரிப்போலிக்கு அனுப்பிவைத்தார்கள்!

லிபியா மட்டுமல்ல. 2016-ல் துருக்கிக்கு 600 கோடி யூரோ பேசினார்கள். 2023-ல் டுனீசியா, 2024-ல் மாரிடேனியா. பிரிட்டன் 2022-ல் ருவாண்டாவுக்கு ஆள் ஏற்றுமதி செய்யத் திட்டம் போட்டு, சுமார் 70 கோடி பவுன் கொட்டி, கடைசியில் தாமாக இசைந்த நாலு பேரை அனுப்பிற்று. 2024-ல் வந்த சர்க்கார் திட்டத்தைக் குப்பையில் போட்டது. பிரான்டெக்ஸ் ஸ்தாபனத்தின் பட்ஜெட் 2005-ல் சுமார் 60 லட்சம் யூரோ. 2023-ல் 80 கோடிக்கு மேல். காப்பாற்ற மாதம் 90 லட்சம் இல்லை. காவலுக்குக் கோடி கோடியாக உண்டு.

தக்காளியின் கதை

ஏன் வருகிறார்கள்? யுத்தத்துக்குத் தப்பி வருவோர் ஒரு பகுதி. இன்னொரு பகுதி, உங்களையும் எங்களையும் போன்றவர்கள்.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் செனகல் தேசம். கடலை நம்பியே வாழும் ஊர்கள். அக்கடலை ஐரோப்பிய டிராலர்களும் சீன டிராலர்களும் அரித்தெடுத்தன. 2014 முதல் 2024 வரை ஐரோப்பிய யூனியனுக்கு அங்கே மீன் பிடிக்க ஒப்பந்தமே இருந்தது. வலையில் மீன் விழாதபோது மீனவன் என்ன செய்வான்? அதே மரப்படகில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஸ்பெயினுக்குச் சொந்தமான கானரித் தீவுகளுக்குப் புறப்பட்டான். 2024-ல் இவ்வழியே தீவை அடைந்தவர்கள் 46,000-க்கும் மேல். மீன் போன திசையில் மீனவனும் போனான். மீனுக்கு விசா கேட்கவில்லை.

கானா தேசத்தின் கதை இதைவிட வேடிக்கை. அங்கே தக்காளி விளைகிறது. ஆனால் சந்தையில் மலிந்து கிடப்பது இத்தாலியிலிருந்தும் சீனாவிலிருந்தும் வரும் டின் தக்காளிச் சாந்து. ஐரோப்பிய விவசாயத்துக்குச் சர்க்கார் மானியம் உண்டு. கானா விவசாயிக்கு யார் கொடுப்பார்கள்? அவன் தக்காளி விலைபோகவில்லை. நிலத்தை விட்டுக் கிளம்பிய வாலிபன் பாலைவனம் தாண்டி, கடல் தாண்டி, தென் இத்தாலியில் ஃபோஜ்ஜா ஜில்லாவில் போய் என்ன வேலை செய்கிறான் தெரியுமா? தக்காளி பறிக்கிறான்!

அந்த வயலுக்குத்தான் உங்களை அழைத்துப்போக வேண்டும் என்று இவ்வளவு தூரம் பேசினோம். 300 கிலோ பிடிக்கும் ஒரு பெட்டியை நிரப்பினால் மூன்றரை யூரோ, நாலு யூரோ. வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவனைக் கப்போராலே என்கிறார்கள். பெயர்தான் வேறு, ஆள் நமக்குத் தெரிந்த கங்காணிதான். வேனில் ஏற்றிப் போக ஐந்து யூரோ பிடிப்பான். குடிக்கும் தண்ணீருக்கும் ரொட்டிக்கும் பிடிப்பான். பழைய விமானத் தளத்தின் ஓடுபாதைமேல் தகரமும் அட்டையும் வைத்துக் கட்டிய குடிசைகளில் வாசம். 2018 ஆகஸ்டு 4-லும் 6-லும், வயலிலிருந்து திரும்பிய இரண்டு வேன்கள் தக்காளி லாரிகளில் மோதி 16 தொழிலாளிகள் மாண்டார்கள்.

இவன் போலீசுக்குப் போகலாமே? போனால் முதல் கேள்வி, உன் கடுதாசி எங்கே? அனுமதியின்றி நாட்டிலிருப்பதே கிரிமினல் குற்றம் என்று 2009-ல் சட்டமாகிவிட்டது. கடுதாசி உள்ளவன் கதை மட்டும் என்ன வாழ்கிறது? தங்கும் அனுமதியை வேலை ஒப்பந்தத்தோடு முடிச்சுப் போட்டது 2002-ம் ஆண்டுச் சட்டம். வேலை போனால் அனுமதிக்கும் ஆபத்து. எஜமான் கையில் சவுக்கு தேவையில்லை, கடுதாசி போதும்.

ரோமாபுரிக்குத் தெற்கே லத்தீனா ஜில்லாவில் ஆயிரக்கணக்கான பஞ்சாபிகள் வயல் வேலை செய்கிறார்கள். 2024 ஜூனில் அவர்களில் ஒரு வாலிபரின் கை இயந்திரத்தில் சிக்கி அறுந்தது. கடுதாசி இல்லாத கூலி. எஜமான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. அந்த வாலிபரை அவர் குடியிருந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனான். அறுந்த கையைக் காய்கறிப் பெட்டியில் போட்டு வைத்துவிட்டுப் போனான். இரண்டு நாளில் உயிர் பிரிந்தது.

இப்போது கேளுங்கள்: எல்லையைப் பூட்டியதால் ஐரோப்பாவின் தக்காளி பறிக்கப்படாமல் இருக்கிறதா? இல்லை. ஆள் வந்துகொண்டேதான் இருக்கிறான். நேர்வழியில் வந்திருந்தால் கூலி கேட்பான், லீவு கேட்பான், சங்கத்தில் சேருவான். முள்வேலியும் கொட்டடியும் கடலும் தாண்டி வந்தவன் பயந்து, கடன்பட்டு, எதுவும் கேட்கும் தெம்பின்றி வருகிறான். கடலில் செத்தவன் கணக்குச் சர்க்காருடையது. பிழைத்தவனின் மலிவு உழைப்பு முதலாளியுடையது. கதவைப் பூட்டுகிற கையும் வயலில் ஆள் எடுக்கிற கையும் ஒரே உடம்பின் இரு கைகள்.

கள்ளத்தோணி

இந்தக் கதை நமக்கு அந்நியமல்ல. கங்காணி பிடித்துக் கப்பலேற்றி இலங்கைத் தோட்டங்களில் கொண்டுபோய் விட்டது நம் பாட்டன் பாட்டியைத்தான். தேயிலையும் ரப்பரும் வளர்ந்த பிறகு, 1948-ல் ஒரு சட்டம் போட்டு அவர்களை நாடற்றவர்களாக்கினார்கள். 1964-ல் இரு சர்க்கார்களும் உட்கார்ந்து, உனக்கு 5,25,000 பேர், எனக்கு 3,00,000 பேர், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று மூட்டை பிரிப்பதுபோல் பிரித்தார்கள். அங்கே நம்மவரை ஏசிய சொல்தான் "கள்ளத்தோணி". 2014-ல் புதுச்சேரியிலிருந்து படகேறிய 157 தமிழர்களை, குழந்தைகள் உட்பட, ஆஸ்திரேலிய சர்க்கார் நடுக்கடலில் பிடித்து, ஏறக்குறைய ஒரு மாதம் கப்பலிலேயே, நாளின் பெரும்பகுதி ஜன்னலற்ற அறைகளில் பூட்டி வைத்தது. பிறகு நவ்ரூ தீவுக்கு ஏற்றியது. அதைக் கேட்டு நம் ரத்தம் கொதித்தது.

கொதித்ததல்லவா? அப்படியானால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் பீகார்காரன் பக்கத்தில் நின்று வேலை செய்கிறான். டெல்டா வயலில் நடவுக்குக்கூட வங்காளத்து ஆட்கள் வருகிறார்கள். "இவனுங்க வந்துதான் நம்ம கூலி கெட்டுது" என்று டீக்கடையில் பேசுகிறவர் யார்? நம்மவர்தான். இத்தாலியில் ஓட்டு வாங்குகிறவன் பேசுவதும் வார்த்தைக்கு வார்த்தை இதேதான். பீகார்காரன் தன் கூலியைத் தானா நிர்ணயித்தான்? குறைந்த கூலிக்கு அவனைக் கூட்டி வந்த காண்டிராக்டரைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறோமா?

இத்தாலியில் கேட்டார்கள். 2011 கோடையில் நார்தோ என்ற ஊரில், தர்பூசணியும் தக்காளியும் பறித்த ஆப்பிரிக்கக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மொழி தெரியாதவர்கள், பலருக்குக் கடுதாசி இல்லை. வாரக்கணக்கில் வயலில் இறங்க மறுத்தார்கள். அந்த வருடமே கங்காணி வேலையைக் கிரிமினல் குற்றமாக்கும் சட்டம் வந்தது. 2016-ல் அதை எஜமானர்களையும் பிடிக்கும்படி கடுமையாக்கினார்கள். 2024-ல் அந்தப் பஞ்சாபி வாலிபர் இறந்ததும், லத்தீனா வீதிகளில் இந்தியக் கூலிகளும் இத்தாலியத் தொழிலாளிகளும் சேர்ந்து திரண்டார்கள். 2018 ஆகஸ்டில் 16 பேர் மாண்டபோது, ஆகஸ்டு 8-ந் தேதி ஃபோஜ்ஜா வயல்களில் தக்காளி பறிப்பு நின்றது. வெயிலுக்காகத் தொழிலாளிகளுக்குக் கொடுத்திருந்த சிவப்புத் தொப்பிகளை அணிந்துகொண்டு, குடிசைகளிலிருந்து கிளம்பி, கடல் தாண்டி வந்த நூற்றுக்கணக்கானவர்கள் பட்டப்பகலில் நெடுஞ்சாலை வழியே ஃபோஜ்ஜா நகரத்துக்குள் நடந்து போனார்கள்.